உப்பு பார்க்க ஓர் ஆள்

வேலப்பனுக்கு மூக்கு செத்து ஐந்து வருடமாகிறது. கொரோனா வந்து பதினெட்டு நாள் படுத்தான். உடம்பு திரும்பியது, வாசனை திரும்பவில்லை. வேறு தொழிலில் இருப்பவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. சுற்றிலும் தொழிற்சாலை நாற்றம் அடிக்கிற திருவொற்றியூர்க்காரனுக்கு லாபம் என்றுகூடச் சொல்லலாம். அவன் சிநேகிதன் பீம்ராவ் அப்படித்தான் சொன்னான்: “உனுக்கு இன்னாடா, மணலி ரோட்டுல ஜன்னலத் தொறந்து வுட்டுக்கினு சோக்கா போலாம்.”

ஆனால் வேலப்பன் சமையல்காரன். விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்து மூன்று வருடம் கரண்டி பிடித்தவன். மூக்கில்லாத சமையல்காரனும் கண் தெரியாத லாரி டிரைவரும் ஒன்று. விஷயம் வெளியே தெரிந்தால் ஒருத்தரும் வண்டியில் ஏற மாட்டார்கள். அதனால் அவன் மனைவி சொக்கம்மாளுக்கும் பீம்ராவுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

கேன்டீனில் மறைப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு என்று வருடம் முழுக்க ஒரே பட்டியல்; அளவெல்லாம் கைக்குத் தெரியும். நாக்கும் முழுசாகச் சாகவில்லை. உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் தெரிந்தன. வெங்காயம் பதமாக வதங்கியதா, தாளிப்பு கருகுகிறதா, நேற்றைய பருப்பு ஊசிவிட்டதா, இதெல்லாம்தான் தெரியாமல் போயிற்று. அதற்கு அவன் காதைப் பழக்கினான். கொதிக்கிற பாத்திரம் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு சத்தம் போடும். அடிபிடிக்கப் போகிற குழம்பு சளசளப்பை விட்டுவிட்டு, அடித்தொண்டையில் ஒருத்தன் இருமுகிற மாதிரி விட்டு விட்டு வெடிக்கும். அதைக் கேட்டதும் தீயைக் குறைப்பான். மிச்சத்துக்கு, சமையல்கட்டுப் பக்கம் யார் தலை தெரிந்தாலும் கரண்டியை நீட்டி உப்பு பார்க்கச் சொன்னான். சூப்பர்வைசர், காய்கறி இறக்குகிறவர், தட்டு கழுவும் பெண்கள், யாரும் தப்பவில்லை. இத்தனை வருடம் சமைத்தும் தன் கையை நம்பாமல் நாலு பேரைக் கேட்கிறானே, என்ன பணிவு என்று நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு கேன்டீனை மூடினார்கள். சாப்பாடு எங்கிருந்தோ சூடு ஆறாத டப்பாக்களில் வேனில் வந்து இறங்க ஆரம்பித்தது. எட்டு மாதம் அவன் வீட்டில் இருந்தான். கல்யாணச் சமையல்காரர்களிடம் உதவிக்குப் போகலாம். ஆனால் அங்கே தலைமைச் சமையல்காரன் எதையாவது நீட்டி மோந்து பார் என்பான். போகவில்லை. ஐம்பத்தொரு வயதில் செக்யூரிட்டி வேலைக்குச் சட்டை அளவு கொடுக்கப் போன அன்றுதான் பீம்ராவ் போன் செய்தான்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மஜீது பாய் ஒரு விடுதி வைத்திருந்தார். துறைமுகத்தில் கப்பல் ஏற வருகிறவர்களும் இறங்கி ஊருக்குப் போகிறவர்களும் இரண்டு நாள் மூன்று நாள் தங்கும் இடம். பிலிப்பைன்ஸ்காரர்கள், உக்ரைன்காரர்கள், நம் தூத்துக்குடிக்காரர்கள் என்று எல்லாரும் வருவார்கள். பீம்ராவ் அங்கே வேன் ஓட்டினான். இருந்த சமையல்காரன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். ஒரு மாதமாக மஜீது பாயின் அக்கா சாபிராதான் சமைக்கிறாள்; அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, டாக்டர் நிற்கவே கூடாது என்கிறார். நல்ல ஆள் ஒருத்தன் வேண்டும். பீம்ராவ் வேலப்பனைப் பற்றிச் சொல்லியிருந்தான். மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

“ஒரு நாள் ஆக்கிக் காட்டு, புடிச்சிருந்தா வெச்சுப்பாரு. வாய மட்டும் தொறக்காத,” என்றான்.

வேலப்பன் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. மஜீது பாய் வாசலில் போனில் பேசிக்கொண்டு நின்றார். வியர்வை துடைத்த கைக்குட்டை தோளில் கிடந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. பேச்சின் நடுவே போனைக் காதிலிருந்து நகர்த்தி வேலையைச் சொன்னார். மேலே இன்றைக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் ஆறு பேர். ஆறேகால் மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, அதனால் வேன் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடும். ஐந்தேகாலுக்குச் சாப்பாடு தட்டில் இருக்க வேண்டும். பாஸ்தா, சாசேஜ், காய்கறி. ஒரே சட்டியில் எல்லாத்தையும் போட்டு, தண்ணியை அதிலேயே வற்றவிட்டு இறக்கினால் தீர்ந்தது வேலை. வெந்நீர், வடிதட்டு என்று எதுவும் வேண்டாம். கப்பல்காரன் ஒருத்தன் சொல்லிக் கொடுத்தது என்றார். பிறகு மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

பாஸ்தாவை வேலப்பன் கேன்டீனில் செய்ததில்லை. பொங்கல் விழா, ஆண்டு விழா என்று எதற்காவது யாராவது கேட்டால் மக்ரோனியை வேகவைத்து வடித்துக் கொடுத்திருக்கிறான். அரிசி மாதிரிதான், என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டான்.

சமையல்கட்டு பின்பக்கம் இருந்தது. இரண்டு அடுப்பு. ஒன்றில் சாபிரா எண்ணெய் வைத்திருந்தாள். பக்கத்தில் மாவும் மடித்த சமோசாக்களும். மற்றதை அவனுக்குக் காட்டினாள். ஒரு அடுப்பு, அகலமான அலுமினிய தேக்சா ஒன்று. கழுவி அடுக்கிய மீதிப் பாத்திரங்களில் நோன்பு திறக்கிற நேரத்துக்கான சாமான் நிரம்பியிருந்தது. பழம், ரோஸ் நிறத்தில் சர்பத், பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வர ஒரு தூக்கு.

அப்போதுதான் வேலப்பனுக்கு உறைத்தது. நோன்பு மாதம். பதினோராவது நோன்பு என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டு வந்ததைக் காதில் வாங்கியும் மனசில் வாங்காமல் வந்திருக்கிறான். இந்த வீட்டில் இப்போது ஒருத்தரும் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். கரண்டியை நீட்டி உப்பு பார் என்று சொல்ல ஆள் கிடையாது. நாலு வருடம் அவனைக் காப்பாற்றிய ஒரே தந்திரம் வாசலிலேயே செத்தது.

சாபிரா அதற்கு நேர்மாறான நிம்மதியில் இருந்தாள். பத்து நாளாக ருசி பார்க்காமலே சமைக்கிறாளாம்; உப்பு ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய. இரண்டு நாள் முன்னால் ஒரு உக்ரைன்காரன் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனானாம். நோன்பு இல்லாத ஆள் ஒருத்தர் அடுப்படிக்கு வந்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தாள்.

“இனிமே ருசி ஒன்னோட பொறுப்பு மாஸ்டர். என்ன வுட்டா போதும்.”

வேலப்பன் தலையை ஆட்டினான்.

வெங்காயம், பூண்டு, கேரட், பீன்ஸ், மூன்று நிறத்தில் குடைமிளகாய், தக்காளி. வெட்டுகிற வேலையில் அவனுக்கு நிகர் கிடையாது. பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே அளவில் கிண்ணங்களில் வந்து விழுந்தன. சாபிரா வேடிக்கை பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்தது ஒரு விடுதலை. நாளைக்கே மாடிக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கப் போகிறவளின் முகம்.

பிறகு அவள் ஐஸ் பெட்டியிலிருந்து கோழி சாசேஜ் பாக்கெட் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். நேற்று மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, நன்றாக இருக்கிறதா பார்த்துவிடு என்றாள். வேலப்பன் ஒரு பாக்கெட்டைக் கிழித்தான். ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்தான். இழுத்தான். காற்று வந்தது. விரலால் அழுத்திப் பார்த்தான். வழவழப்பு இல்லை, நிறம் மாறவில்லை.

“நல்லாத்தான் கீது, பாயம்மா.”

பெரிய பொய் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. விரலும் கண்ணும் சொன்னதைத்தானே சொன்னேன் என்று சமாதானம் செய்துகொண்டான். துண்டு போட்டு எண்ணெயில் விட்டுச் சிவக்க வைத்தான். வெங்காயம், பூண்டு, காய்கறி, தக்காளி, மிளகுத்தூள், டப்பாவில் இருந்த ஏதோ காய்ந்த இலை. பாஸ்தாவைக் கொட்டினான். தண்ணீர் ஊற்றினான்.

இந்த இடத்தில்தான் கை அவனை ஏமாற்றியது. சோறு வடித்த கை. இருபத்து மூன்று வருடம் வேகிறதற்கு வேண்டியதைவிட இரண்டு பங்கு தண்ணீர் வைத்து, பதம் பார்த்து, கஞ்சி வடித்தே பழகிய கை. வற்றவிடு என்று மஜீது பாய் சொன்னது காதில் இருந்தது. கை அதைக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் பாஸ்தா முக்கால் பதம் வந்துவிட்டது. அதற்குமேல் நான்கு விரல் தண்ணீர் நின்றது. மணி ஐந்து ஆக ஐந்து நிமிடம். இது வற்றுகிற வரை காத்திருந்தால் பாஸ்தா கூழாகும், வேனும் போய்விடும். அவன் யோசிக்கவே இல்லை. தேக்சாவின் வாயில் தட்டை வைத்துத் துணியால் பிடித்து ஒரே சாய்ப்பில் கஞ்சியை ஒரு அன்னக்கூடையில் வடித்துவிட்டான். வடித்து முடித்த பிறகுதான் பார்த்தான்: சிவப்பும் கொழுப்புமாக, போட்ட உப்பு, தக்காளி, மிளகு, பூண்டு எல்லாம் அதோடு போயிருந்தது. சட்டியில் இருந்தது வெளுத்த பாஸ்தாவும் நனைந்த காய்கறியும்.

சாபிரா அதைப் பார்த்தாள். மாஸ்டர் வழி வேறாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

அவன் மறுபடி உப்பு போட்டான், மிளகு போட்டான், சீஸ் துருவலைக் கொட்டிக் கிளறித் தீயைக் கூட்டினான். அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் சாபிரா சமோசாக்களை எண்ணெயில் விட்டாள். எட்டு சமோசா ஒன்றாக இறங்கியதும் எண்ணெய் மழைமாதிரி இரைந்தது. வேலப்பன் தேக்சாவின் பக்கம் தலையைச் சாய்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெயின் இரைச்சல்தான் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று நிமிடம் நிற்கலாம் என்று கணக்குப் போட்டான்.

சாபிராவுக்கு முதல் நிமிடத்திலேயே வாசனை வந்துவிட்டது. அடியில் சீஸ் தீய்கிற வாசனை. அவள் பொறுத்தாள். இத்தனை வருடம் சமைத்தவன், அவனுக்குத் தெரியாதா, ஏதோ முறுகலுக்காக விடுகிறான் என்று நினைத்தாளாம். ஒரு மாஸ்டரிடம் போய் அடி பார் என்று சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வான் என்று பயந்தாளாம். பிறகு அவளே சொன்னது இது. இரண்டாவது நிமிடத்தில் பொறுக்க முடியவில்லை.

“மாஸ்டர், அடிபுடிச்சிக்கினு கீது.”

வேலப்பன் குனிந்தான். அப்படிக் குனிந்ததில்தான் மாட்டிக்கொண்டான். எந்தச் சமையல்காரனும் அந்த நேரத்தில் மூக்கை நீட்டுவான். இவன் காதை நீட்டினான்.

சாபிரா சமோசாவைத் திருப்புவதை நிறுத்தினாள். இரண்டு அடுப்பையும் அணைத்தாள். எண்ணெய் அடங்கியதும் தேக்சாவுக்குள் இருந்து அந்த இருமல் சத்தம் அவனுக்கும் கேட்டது. கேட்டு என்ன பிரயோசனம்.

“வாசன தெரியாதா உனுக்கு?”

“தெரியாது.”

“சளியா?”

“இல்ல. அஞ்சு வருசம் ஆவுது.”

அவள் கண்ணில் இரக்கம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்குத் தயாராகவும் நின்றான். வந்தது வேறு.

“அப்போ சாசேஜ மோந்து பாத்தியே, அது இன்னா?”

மேலே ஆறு பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான் என்பது அதுவரை வேலப்பன் புத்தியில் ஏறவே இல்லை. நாலு வருடமும் இப்படித்தானே, என்று இப்போது தோன்றியது. முந்நூறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. எத்தனை நாள் எதை எதை விரலால் அழுத்திப் பார்த்து நல்லது என்று சொல்லியிருப்பான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு அவன் எந்த விதத்திலும் காரணமில்லை.

சாபிரா நொண்டிக்கொண்டு போய் மிச்சப் பாக்கெட்டை எடுத்தாள். முகத்தருகே வைத்து இரண்டு தரம் இழுத்தாள். பிறகு வெட்டிய பலகையை மோந்தாள், அவன் விரல்களைக்கூடப் பிடித்து மோந்தாள்.

“நல்லாத்தான் கீது. தப்பிச்ச.”

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நேரமில்லை. கழுவு தொட்டியில் தண்ணீர் நிரப்பித் தேக்சாவை அதற்குள் இறக்கச் சொன்னாள். அது அவனுக்கும் தெரிந்த வேலைதான்: சூட்டை நிறுத்தினால் தீய்ந்தது மேலே ஏறாது. அடியைச் சுரண்டாமல், மேலாகப் பாஸ்தாவைக் கரண்டியால் அள்ளி, பழம் வைத்திருந்த பாத்திரத்தைக் காலி செய்து அதில் மாற்றினான். ஆறு பேருக்குப் போதும், இறுக்கமாகப் போதும். பார்க்க உலர்ந்த கட்டியாக இருந்தது. அப்போது அவன் கண் அன்னக்கூடையில் விழுந்தது. வடித்த கஞ்சி அப்படியே இருந்தது, மேலே எண்ணெய் வளையம் வளையமாக. எது போயிற்று என்று பதறினானோ எல்லாம் அதில்தான் இருந்தது. ஒரு கரண்டி எடுத்து ஊற்றிக் கிளறினான். இன்னொரு கரண்டி. பாஸ்தா இளகியது, பளபளப்பு வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு சரி, புளிப்பு சரி. தீய்ந்த வாடை உள்ளே ஏறியிருக்கிறதா? அது அவனுக்குத் தெரியாது. ஆயுசுக்கும் தெரியப் போவதில்லை.

சாபிரா மோந்து பார்த்தாள். சமையல்கட்டு முழுக்கத் தீய்ந்த வாடைதான் நிற்கிறது, இதிலிருந்து வருகிறதா அந்தச் சட்டியிலிருந்து வருகிறதா பிரிக்க முடியவில்லை என்றாள். இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடியில் பெட்டியின் சக்கரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது.

“நாக்கு நுனில வெச்சித் துப்பிட்டா நோன்பு போவாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்வாரு. அவசியம்னா மட்டும்.” சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் யோசித்தாள். “நாப்பது வருசமா நான் அப்டி செஞ்சதில்ல.”

“வேணாம் பாயம்மா.”

“நீ சும்மா இரு. ஆறு பேரு பசியோட போறது அவசியமா இல்லியான்னு எனுக்குத் தெரியும்.”

கரண்டி முனையில் ஒரு பொட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். கண்ணை மூடினாள். தொட்டியில் துப்பினாள், மூன்று தரம் வாய் கொப்பளித்துத் துப்பினாள், முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். தீய்ந்த வாடை கொஞ்சம் இருக்கிறது, கெட்டதாக இல்லை, புகை போட்ட மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மிளகு போட்டால் அடங்கும் என்றாள். அவன் போட்டான். ஐந்து இருபதுக்குத் தட்டுகள் மேலே போயின.

கப்பல்காரர்கள் எதையும் பாராட்டுவதில்லை. பசிக்குச் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தர் குடைமிளகாயை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். ஒருத்தர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மீதித் தட்டுகள் காலியாக இறங்கின. பீம்ராவ் வேனை எடுக்கும் முன் சமையல்கட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். வேலப்பன் அதைக் கவனித்தாலும் கையைத் தூக்கவில்லை. அவன் தீய்ந்த தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அடியில் ஒரு சாண் வட்டத்துக்குக் கரி. சாம்பல், தேங்காய் நார், கத்தி முனை எல்லாம் போட்டும் விட மறுத்தது.

சாபிரா ஸ்டூலில் உட்கார்ந்து சமோசாவின் மிச்சத்தைப் பொரித்தாள். வேலை இல்லாமல் எட்டு மாதம் என்று அவன் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒரு பெண், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்றான். அவள் தன் முட்டியைப் பற்றிச் சொன்னாள். பிறகு, எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

“மஜீது இப்போ வந்து எப்டி ஆளுன்னு என்னாண்ட கேப்பான். நோன்பு வாயால பொய் சொல்ல மாட்டேன், மாஸ்டர்.”

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நோன்பு திறக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு கேட்டால் சொல்லலாமா என்று ஒரு அற்பமான கேள்வி மனசில் வந்தது. கேட்கவில்லை.

மஜீது பாய் ஆறு மணிக்கு உள்ளே வந்தார். காலித் தட்டுகளைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. நேராக அக்காவிடம் போனார்.

“இன்னாக்கா, நம்ம மாஸ்டர் எப்டி?”

சாபிரா சமோசாவை ஒவ்வொன்றாக எண்ணெய் வடியவிட்டுத் தட்டில் அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு சொன்னாள்:

“அவராண்டயே கேளு.”

மஜீது பாய் திரும்பினார். வேலப்பன் ஈரக் கையோடு நின்றான். கை வேகம் என்று சொல்லலாம். அடுப்பு புதுசு, பழக்கமில்லை, கொஞ்சம் அடிபிடித்துவிட்டது என்று சொல்லலாம். அக்கா குறுக்கே பேச மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் சொன்னது, தன் வாயால் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும்தான். ஆனால் சாசேஜ் துண்டு மூக்கருகே இருந்த அந்த நொடி போகவே இல்லை.

“எனுக்கு மூக்கு வேல செய்யாது பாய். கொரோனால போச்சி. கெட்டது நல்லது தெரியாது, கருகுனா தெரியாது. இன்னிக்குப் பாயம்மா காப்பாத்திச்சி.”

மஜீது பாய் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கேன்டீனில் எப்படி ஓட்டினாய் என்று கேட்டார். அவன் சொன்னான். காதைப் பற்றியும் கரண்டி நீட்டியதைப் பற்றியும் மறைக்காமல் சொன்னான். அவர் கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் சிலிண்டரைப் பார்த்தார். சுவரோரம் இரண்டு சிலிண்டர்கள், அதிலிருந்து அடுப்புக்குப் போகிற ஆரஞ்சுக் குழாய்.

“ருசி கெட்டுப்போனா ஒர்த்தன் தட்ட வெச்சிட்டுப் போவான். பரவால்ல. கேஸ் ஒழுவுனா? மேல பதினாலு பேரு தூங்குவான். நீ இங்க தனியா நின்னுக்கினு தீக்குச்சியக் கிழிப்ப.”

இதை வேலப்பன் ஐந்து வருடத்தில் ஒரு தரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் சொக்கம்மாள் படுக்கப் போகும் முன் தினமும் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது எதற்கென்று இப்போது புரிந்தது. அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

“நாயம்தான் பாய்,” என்றான். “நான் கெளம்பறேன்.”

தோளில் கிடந்த துண்டை உதறினான். அப்போது மஜீது பாய் அவனைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். நோன்பு முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, இந்த நேரத்தில் வேறு ஆள் எங்கே தேடுவது என்று கணக்குப் போட்டுப் பேசினார். வெட்டுகிறதும் கிளறுகிறதும் இவன் செய்யட்டும். அடுப்புப் பற்றவைப்பதும் சிலிண்டர் திறப்பதும் மோந்து பார்ப்பதும் அக்கா. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருக்கலாம், நிற்க வேண்டியதில்லை. அவள் இல்லாமல் இவன் அடுப்படியில் கால் வைக்கக் கூடாது. பெருநாளுக்கு அப்பால் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வா என்றார். சம்மதமா என்று அக்காவிடம் கேட்கவில்லை. வேலப்பனிடமும் கேட்கவில்லை. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போய்விட்டார்.

சமையல்கட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். மாடிக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டிய சாபிரா ஸ்டூலிலேயே இருந்தாள். முட்டி இரண்டையும் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

வேலப்பனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அது யாருடைய செலவில் கிடைத்தது என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான்.

“பாயம்மா, என்னால உனுக்கு...”

“நான் பொய் சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்,” என்றாள் அவள். “ஒன்ன யாருய்யா நெஜம் சொல்லச் சொன்னது?”

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் அது வேடிக்கையாகச் சொன்னதா, மனசார நொந்து சொன்னதா தெரியவில்லை. பேரீச்சம்பழத் தட்டையும் சர்பத்தையும் எடுத்துக்கொண்டு அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசற்படியில் ஒரு நொடி நின்று, பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வரும், குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வேலப்பன் சரி என்றான். அவள் போன பிறகு, யாரும் சொல்லாமலே, சுவரோரம் போய் இரண்டு சிலிண்டரையும் தொட்டு, திருகி, மூடியிருக்கிறதா என்று கையால் பார்த்தான்.